நெருப்பின் கணக்கு

அக்கினித் தலமாகிய திருவண்ணாமலையில் வாழும் நமக்கு நெருப்பைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகையில் மலையுச்சிக் கொப்பரையில் ஏற்றும் தீபம் ஒரே இரவில் அணைந்துவிடுவதில்லை. பல நாள் நின்று எரிகிறது. திரி எவ்வளவு, நெய் எவ்வளவு என்பதற்கெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த கணக்கு உண்டு. நமக்குக் கிழக்கே, கல்பாக்கம் கடற்கரையில் வளர்க்கும் அணு நெருப்புக்கும் கணக்கு உண்டு; அதைப் போடுவது கணினி. "எல்லாவற்றையும் யந்திரமே தேர்ந்தெடுத்துவிடுகிறது, மனிதனுக்கு அங்கே பித்தானை அமுக்குவதைத் தவிர வேலையில்லை" என்று பொறியியல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் அண்மையில் அடித்துச் சொன்னான். அது சரிதானா என்று பார்ப்போம்.

எரித்ததைவிட அதிக எரிபொருளை ஈன்று தருவதற்காக வகுத்தது ஈனுலை. யுரேனியம் அருகியும் தோரியம் மிகுந்தும் இருக்கிற நம் தேசத்திற்கு அது ஆடம்பரமன்று. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் மின்சாரத்துக்காக 2004-ல் கட்டத் தொடங்கிய ஈனுலையின் நடுப்பகுதியை நிபுணர்கள் 'கோர்' என்கிறார்கள். உயரம் ஒரு மீட்டர். குறுக்களவு ஏறக்குறைய இரண்டு மீட்டர். நம் வீட்டுப் பூஜை அறையில் அடங்கிவிடும்! அதற்குள் 181 எரிபொருள் கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் 6.6 மில்லிமீட்டர் பருமனுள்ள 217 குச்சிகள். உருகிய சோடியம் அவற்றினிடையே 397 டிகிரியில் புகுந்து 547 டிகிரியில் வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு.

எல்லாக் கட்டுகளிலும் ஒரே எரிபொருளை வைத்தால், நடுவிலுள்ளவை தகிக்கும். ஓரத்திலுள்ளவை சோம்பிக் கிடக்கும். ஓரத்தில் நியூட்ரான்கள் வெளியே தப்பி ஓடுவதே காரணம். ஆகையால் புளூட்டோனிய ஆக்ஸைடை உள்வட்டத்து 85 கட்டுகளில் நூற்றுக்குச் சுமார் 21 பங்கும், வெளிவட்டத்து 96 கட்டுகளில் சுமார் 28 பங்குமாக வகுத்தார்கள். பந்தியின் கடைசி வரிசைக்குப் பாயசம் குறையாமல் பார்த்துக்கொள்வது போலத்தான்.

இவ்விரு வகைக் கட்டுகளையும் 181 இடங்களில் மாற்றி மாற்றி வைக்கும் வழிகளை எண்ணினால் 54 இலக்கமுள்ள தொகை வரும். அத்தனையையும் சோதிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. ஆகவே உலோகத்தைக் காய்ச்சி மெல்ல ஆறவிடும் கொல்லனைப் பார்த்து ஒரு தேடல் முறையும், பெற்றோரின் குணங்களைக் கலந்து பெறும் உயிர்களைப் பார்த்து மற்றொரு முறையும் கணித நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். பல நாடுகளில் உலைக்கு எரிபொருள் அடுக்கும் ஆராய்ச்சியில் இவை பயன்பட்டு வருகின்றன. இதுவரை வெற்றி பிள்ளையின் பக்கமே.

ஆனால் 'நல்லது' எது என்று யந்திரத்துக்கு யார் சொல்வது? பெரிய கோரின் நடுவில் சோடியம் கொதித்து இடம் காலியானால், நியூட்ரான்களின் வேகம் கூடி எரிப்பு தணிவதற்குப் பதில் மூளக்கூடும். கோரைத் தட்டையாக்கினால் நியூட்ரான்கள் வெளியே கசிந்து ஆபத்துக் குறையும். ஆனால் புளூட்டோனியம் அதிகம் வேண்டும். எவ்வளவு பத்திரத்துக்காக எவ்வளவு சிக்கனத்தைக் கைவிடலாம் என்பதை மனிதன் எழுதிக் கொடுத்த பிறகே கணினி தேடத் தொடங்கும். அப்படி எழுதுவது நான்கு சுவருக்குள் நின்றுவிடாமல் ஊரார் அறிய நடக்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். கடற்கரைக் குப்பங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

சில வேளை தேசத்தின் இல்லாமையே அதை எழுதிவிடுகிறது. கல்பாக்கத்துச் சிறிய சோதனை உலை, பிரான்சு தேசத்து ராப்சோடி உலையை ஒட்டி வகுத்தது. அதற்குச் செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து வரவேண்டும். 1974-ல் பொக்ரானில் அணுச் சோதனை நடந்ததும் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. நம்மவர்கள் புளூட்டோனியம் கார்பைடு 70 பங்கும் யுரேனியம் கார்பைடு 30 பங்கும் கலந்த எரிபொருளைக் கையில் எடுத்தார்கள். அந்தக் கலவையில் உலகில் வேறெந்த உலையும் ஓடியதில்லை. கோரின் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. அனுபவமில்லாத சரக்கு என்பதால் கோரைச் சிறிதாக அமைத்து, எரிக்கும் வரம்பையும் கஞ்சத்தனமாகவே குறித்தார்கள். 1985 அக்டோபர் 18-ல் தொடர்வினை தொடங்கிற்று. எரிந்த குச்சிகளை எடுத்துச் சோதித்து, கண்டதைக் கணக்கில் சேர்த்து, வரம்பைப் படிப்படியாக உயர்த்தினார்கள். டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள் என்று ஆரம்பித்தது 1,00,000-ஐயும் தாண்டிற்று. வகுத்த முழுத் திறனாகிய 40 மெகாவாட் வெப்பத்தை உலை எட்டியது 2022 மார்ச்சில். முதற் கணக்குப் போட்ட தலைமுறை அதற்குள் ஓய்வு பெற்று வீடு திரும்பியிருந்தது.