மாங்குச்சியில் வந்த கறுப்பு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் நான் படிப்பிக்கும் பாடசாலை முற்றத்தில் ஒரு மாமரம் இருக்கிறது. மழைக்குப் பிறகு விழுந்து கிடந்த குச்சி ஒன்றை, தரம் 9 பிள்ளை ஒருத்தி தூக்கிக்கொண்டு வந்தாள். பட்டையில் கரித்தூள் அப்பியது மாதிரி ஒரு திட்டு.

"பூஞ்சணம்தான் மகள். போட்டுட்டு கையைக் கழுவுங்க" என்றேன்.

அவள் போடவில்லை. பழைய சாப்பாட்டுப் பெட்டியில் ஈரத் துணி விரித்து, குச்சியை அதற்குள் வைத்து, நாலு நாள் கழித்துத் திரும்பவும் கொண்டுவந்தாள். திட்டு பெருத்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆய்வுகூட அலுமாரியிலிருந்த நுணுக்குக்காட்டியைத் தூசி தட்டி எடுத்தோம். செலோடேப்பைத் திட்டின் மேல் ஒட்டி எடுத்து, கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி தண்ணீர் விட்டு 400 மடங்கில் பார்த்தோம். கபில நிறத்தில் மணி மணியாகக் கோர்த்த வித்திகள். எனக்குத் தஸ்பீஹ் மாதிரித் தெரிந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளை, "உருத்திராட்ச மாலை டீச்சர்" என்றாள். இரண்டும் சரிதான்.

"இதுட பேர் என்ன டீச்சர்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஃபோன் செயலி ஒரு படத்துக்கு ஒரு பெயர் சொன்னது, அடுத்த படத்துக்கு வேறொன்று.

இந்தத் திண்டாட்டம் நமது நாட்டுக்குப் புதிதல்ல. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ், இங்கே கிடைத்த பங்கசுக்களைக் காயவைத்து இங்கிலாந்திலிருந்த பெர்க்லிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் கண்டபோதும் அப்படித்தான். அந்த வித்தியின் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. தெரிந்த எதிலும் சேராததால் பெர்க்லி புதுச் சாதியே உண்டாக்கி 'ஹெமிலியா' என்றார். பாதி வழவழப்பு என்றுதான் அர்த்தம். பெயர் வைத்ததால் கோப்பி பிழைத்துவிடவில்லை. அது எப்படிப் பரவுகிறது என்று ஆராய மார்ஷல் வார்ட் வந்தது 1880இல்தான். தோட்டங்கள் சரிந்து, மலையகம் தேயிலைக்கு மாறியது.

நமக்கு இன்னும் கிட்ட உள்ளவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன். இந்த மாதிரி நுண்பங்கசுக்களை வித்தியின் வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் வைத்துப் பிரிக்காமல், வித்தி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்து 1962இல் ஒரு வகைப்பாடு வெளியிட்டார். 1971இல் 'ஹைஃபோமைசீட்ஸ்' என்ற பெரிய புத்தகமும் வந்தது.

எங்கள் மணிமாலை 'டொருலா' என்ற சாதிபோல இருந்தது. அதில் வித்தியைப் பெறும் கலத்தின் மேற்சுவர் மெல்லியது, வித்தி போனதும் உள்ளே அமுங்கிக் கிண்ணமாகிவிடும். நாங்கள் அந்தக் கிண்ணத்தைத் தேடினோம். ஒரு இடத்தில் இருப்பதுபோல் தெரிந்தது, மற்ற இடங்களில் இல்லை. பாடசாலை நுணுக்குக்காட்டிக்கு அவ்வளவுதான் முடியும்.

விஞ்ஞானக் கண்காட்சிக்கு அவள் எழுதிய சிட்டை: "மாங்குச்சியில் வளரும் பங்கசு. டொருலாவாக இருக்கலாம். உறுதியில்லை."

"கடைசி வரியை அழிச்சிடுங்க, யார் பார்க்கப் போறாங்க?" என்றார் கூடப் படிப்பிக்கும் ஒருவர். அன்றிரவு வெள்ளவத்தை வீட்டில் எனக்கு நித்திரை இல்லை. அழித்தால் யாருக்கும் நட்டமில்லை என்றுகூட நினைத்தேன். காலையில் அவளிடமே கேட்டேன்.

"எங்களுக்குத் தெரியாதுதானே டீச்சர்" என்றாள்.

சிட்டை அப்படியே போனது. "பேரே தெரியாம என்ன ஆராய்ச்சி?" என்று நடுவர் கேட்டாராம். முதல் சுற்றோடு சரி. பிள்ளை அழுதாள். அவளுடைய உம்மா எனக்கு ஃபோன் பண்ணி, "ஒரு பேரை எழுதிக் குடுத்திருக்கலாமே டீச்சர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் சரியான பதில் சொல்லவில்லை. சிட்டை சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு விலை கொடுத்தது நானில்லை, அவள்.

குச்சியை நிழலில் காயவைத்து, கடதாசி உறையில் போட்டு வைத்திருக்கிறோம். மரம், இடம், திகதி எல்லாம் பென்சிலால் எழுதியிருக்கிறாள். பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் இந்த நுண்பங்கசுக்களைப் பார்க்கத் தெரிந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் போனதும் அவள் கேட்கிறாள்: "யாரும் சொன்னாங்களா டீச்சர்?"