வெயிலும் வேட்டையும்

வேட்டை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் பலருடைய மனத்தில் எழுவது ஓட்டமேயாகும். நாய் குரைக்க, ஆட்கள் கூச்சலிட, முன்னே மிருகமும் பின்னே மனிதனுமாகக் காடு அதிர ஓடுவதே வேட்டையென்று கூத்துக்களும் கதைகளும் நமக்குக் கற்பித்து வைத்திருக்கின்றன. அரசர்களுக்கும் துரைமார்களுக்கும் அது பொருந்தும். நூறு ஆட்களைக் கூலிக்கு வைத்துக் காட்டைக் கலைப்பிக்க வல்லவனுக்கு மிருகம் எங்கே படுத்திருக்கிறதென்ற கவலையே வேண்டியதில்லை. அஃது எங்கிருந்தாலும் அவனுடைய துப்பாக்கிக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்தப்படும். இரண்டு நாயும் ஒரு பாராங்குமே உடைய தோட்டத் தொழிலாளியின் வேட்டையோ வேறு. அதிலும் ஜொகூரின் வறட்சி நாளில் அவன் ஓடத் தொடங்கினால், அன்று மாலை அவன் வீட்டு அடுப்பில் கருவாடுதான் வேகும்.

ஜொகூர், பூமத்திய ரேகைக்கு வடக்கே 1 பாகைக்கும் 3 பாகைக்கும் இடையில் கிடப்பது. தமிழ்நாட்டைப்போல இங்கே சித்திரைக் கத்திரி என்றும் மார்கழிப் பனி என்றும் பிரித்துப் பேச இடமில்லை. ஆண்டு முழுதும் பகல் வெப்பம் 32 பாகையை ஒட்டியும், இரவு வெப்பம் 24 பாகையை ஒட்டியுமே நிற்கும். ஆகவே இங்கே ‘வெயில் காலம்’ என்பது மழை பொய்த்த காலம் என்று பொருள்படும். வடகிழக்குப் பருவக்காற்று மெர்சிங்கையும் கோத்தா திங்கியையும் நனைத்துவிட்டு ஓய்ந்தபின், மாசி பங்குனியில் சில வாரங்கள் வானம் வெண்கலத் தாம்பாளமாகக் காயும். பசிபிக் பெருங்கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் இவ்வறட்சி இன்னும் நீளும். 1997-98லும், 2015-16லும் அவ்வாறு நீண்டது. முதலிற் சொன்ன வறட்சியின்போதுதான், 1998 ஏப்ரல் 9ஆம் நாள், வடகோடியிலுள்ள பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை வெப்பம் பதிவாயிற்று. இந்நாட்டில் அதுகாறும் அத்தகைய வெப்பம் பதிவானதில்லை.

அத்தகைய நாட்களில் காட்டுப்பன்றி என்ன செய்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இக்கேள்வியை எங்கள் தோட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை. ஏனெனில் அவர்களிடம் விடை முன்னமேயே இருந்தது. உச்சி வேளையில் காட்டில் முனி நடமாடுகிறது, அதற்கு அஞ்சி மிருகங்களெல்லாம் மறைந்துவிடுகின்றன என்பதே அவ்விடை. ஒரு சேவலை அறுத்து முனிக்குப் படைத்துவிட்டுச் சென்றவர்களும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். சேவல் மட்டும் கறியாயிற்று.

உண்மை யாதெனில், பன்றிக்கு வியர்வையால் உடலைக் குளிர்வித்துக் கொள்ளும் ஆற்றல் இல்லை. நாம் வியர்க்கிறோம், காற்றுப் பட்டு அவ்வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. பன்றிக்கோ தோலுக்கடியில் கொழுப்பு, தோலின்மேல் முரட்டு மயிர். வெயிலில் அரைக்கல் தொலைவு ஓடினால் அதற்கு மூச்சு முட்டும். எனவே அது சேற்றில் புரண்டு, வெளியிலிருந்து ஈரத்தைப் பூசிக்கொள்கிறது. வெறும் தண்ணீர் விரைவில் உலர்ந்துவிடும். சேறு நெடுநேரம் ஈரத்தைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல உலரும். ‘பன்றி அழுக்கை விரும்பும்’ என்று இழித்துப் பேசும் நம்மவர், அஃது அதன் உயிர் காக்கும் மருந்தென்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சேற்றில் புரண்டபின் பக்கத்திலேயே அடர்ந்த நிழலில் படுத்துவிடும். பொழுது சாய்ந்து வெப்பம் தணியும் வரையில் அதற்கு நடக்க மனமிராது. முனியின் மர்மம் இவ்வளவே.

இதனை எனக்குக் கற்பித்தவர் என் தாய்மாமன். குளுவாங்கிற்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர்; பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். 1970ஆம் ஆண்டுகளில், நான் சிறுவனாக இருந்தபோது, விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் மரம் வெட்டிப் பால் நிறுத்துக் கொடுத்தபின், அவருடைய பகற்பொழுதும் மாலையும் காட்டோரத்தில் கழியும். துப்பாக்கி அவருடையதன்று. பக்கத்தில் மரவள்ளி பயிரிட்டிருந்த சீனர் ஒருவரிடம் உரிமத்தோடு கூடிய துப்பாக்கி இருந்தது. மாமா அவரைத் ‘தவுக்கே’ என்றும், அவர் மாமாவைத் ‘தம்பி’ என்றும் அழைப்பார்கள். பன்றியைக் கண்டுபிடிப்பது மாமாவின் வேலை. சுடுவது தவுக்கேயின் வேலை. இறைச்சி பாதிக்குப் பாதி. ஓர் இரவில் மூன்று நிரை மரவள்ளியைக் கிளறிப் போடும் பன்றிக்கூட்டத்தை ஒழிக்காவிட்டால் தவுக்கேயின் குடும்பத்திற்கு அந்த ஆண்டு வருமானமில்லை. எங்கள் லயத்துக்கோ மாதம் ஒருமுறை வாய்க்கும் நல்ல இறைச்சி அதுவே. இருவர்க்கும் அது விளையாட்டாக இருந்ததில்லை.

ஒரு பங்குனியில் பதினைந்து நாளாக ஒன்றும் கிடைக்கவில்லை. தவுக்கே மரவள்ளிக் கொல்லையின் ஓரத்தில் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருந்து சோர்ந்து போனார். மாமா என்னை அழைத்து, “மாப்பிள்ளை, இந்த வெயிலில் நீ ஒரு பன்றியாயிருந்தால் எங்கே போய்ப் படுப்பாய்? அதைச் சொல்லு” என்றார். நான் ஆற்றங்கரை என்றேன். “ஆற்றங்கரையில் மனிதன் துணி துவைக்கிறான். அங்கே படுப்பாயா?” என்றார். பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு, இரண்டு மேடுகளுக்கு நடுவே பெலுக்கார் மண்டிக் கிடந்த ஒரு பள்ளத்தின் அருகே சென்றார். தோட்டத்து அல்லூர் ஒன்று வற்றி அங்கே குட்டையாகத் தேங்கி நின்றது.

அவர் தரையைப் பார்க்கவில்லை. காய்ந்த செம்மண்ணில் குளம்படி பதியாது. மரங்களின் அடிப்புறத்தையும் இலைகளையுமே பார்த்துக்கொண்டு நடந்தார். சேற்றில் புரண்டு வந்த பன்றி உடம்பைத் தேய்த்த இடத்தில் சேறு ஒட்டியிருக்கும். அது முழங்காலுக்குக் கீழே இருந்தால் குட்டி. தொடையளவு இருந்தால் பெரிய கிடாய். வெயில் படும் இலையில் ஒட்டிய சேறு விரைவில் வெளுத்து உதிரும்; இன்னும் கறுத்து ஈரமாயிருந்தால் பன்றி அண்மையில்தான் படுத்திருக்கிறது என்று பொருள். இவ்வளவையும் ஒரு புத்தகத்தைப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, மடியிலிருந்த சிறு முடிச்சை அவிழ்த்து அடுப்புச் சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்துக் காற்றில் விட்டார். சாம்பல் பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி எழுந்தது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து இறங்கும், வெயில் ஏறியபின் அதுவே மேலேறும். ஆதலால் காலையில் கீழிருந்தும், பகலில் மேலிருந்தும் அணுக வேண்டுமென்று காதோடு சொன்னார். நாய்களை அன்று கொண்டுவரவில்லை. காய்ந்த தரையில் மோப்பம் நில்லாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும் நாய்க்கு இருக்கிற மோப்பமும் குறையும். வறட்சியில் காலை எட்டு மணிக்குமேல் நாயை ஓட விடுகிறவன் நாயைக் கொல்லுகிறவன் என்பது அவர் கருத்து.

தவுக்கேயின் தோல்விக்குக் காரணமும் அங்கேயே விளங்கிற்று. மழை நாட்களில் பன்றி வெகு தூரம் அலையும். மேகமூட்டமிருந்தால் பகலிலும் மேயும். அப்போது தீனிக்கொல்லையில் காத்திருப்பது சரியே. வெயில் நாட்களிலோ பொழுது சாய்ந்த பின்னரே படுக்கையை விட்டு எழும். கொல்லைக்கு அது வந்து சேரும்போது துப்பாக்கியின் முனையும் தெரியாத இருள். எனவே தீனியினிடத்தை விட்டுப் படுக்கையினிடத்திற்கு நகர வேண்டும். படுக்கையிலிருந்து கொல்லைக்குப் போகும் வழியில், படுக்கைக்கு அண்மையிலேயே, காற்றுக்குக் கீழே, மாலை ஐந்து மணிக்குள் போய் அசையாமல் அமர்ந்துவிட வேண்டும். எழுந்தவுடன் அது வைக்கும் முதல் நூறு அடிகள்தாம் வெளிச்சத்தில் கிடைக்கும். மூன்றாம் நாள் அந்தி வேளையில், பரணில் அல்ல, அந்த மேட்டில் அமர்ந்து, தவுக்கே ஒரு கிடாயைச் சுட்டார். சுட்டவுடனே வயிற்றைக் கிழித்துக் குடலை அகற்றினார்கள். வெப்பத்தில் கொழுத்த பன்றியின் இறைச்சி மிக விரைவில் கெட்டுவிடும். சுமந்துவர மூவர் வேண்டியிருந்தது.

வெயிலுக்கு இடையே திடீரென்று ஒரு மழை பெய்துவிட்டால் மட்டும் இம்முறையெல்லாம் மாறும். வாரக் கணக்காக அடங்கிக் கிடந்தவை அம்மழை ஓய்ந்தவுடன், நேரம் பாராமல் எழுந்து ஈர மண்ணைக் கிளறத் தொடங்கும். வானம் கறுக்கும்போதே மாமா செருப்பைத் தேடுவார்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்தது அரசனுக்காக என்று புலவர்கள் உரை கூறுவார்கள். மாமா அவற்றைப் படித்தவரல்லர். ஆயினும் எதிரியின் வலி குன்றும் நேரத்தையும் அது ஒடுங்கும் இடத்தையும் அறிந்து நடந்த ஒருவரை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது அந்த ரப்பர் தோட்டம் இல்லை. ஜொகூரின் பெரும்பாலான தோட்டங்களைப்போலச் செம்பனையாகிவிட்டது. செம்பனை, பன்றிக்கு மிகவும் வாய்ப்பான காடு. உதிரிப்பழம் தீனியாகிறது, வெட்டி அடுக்கிய மட்டைக் குவியல் நிழலாகிறது. நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ காட்டில் 1996இல் கணக்கெடுத்தபோது சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகளும், 1998இல் 27 பன்றிகளும் இருந்தனவென்று ஆய்வாளர் கண்டனர். அடுத்திருந்த செம்பனைத் தோட்டங்களின் பழமும், தின்பதற்குப் புலி இல்லாமையுமே இப்பெருக்கத்திற்குக் காரணமென்றனர். தீனியும் நிழலும் தண்ணீரும் ஓரிடத்திலேயே கிடைக்குமிடத்தில், வெயில் நாளில் பன்றி ஒரு நிரையை விட்டு மறு நிரைக்குப் போகவேண்டிய தேவையும் குறைகிறது. முன்னே இரண்டு மேடு நடந்து தேடியதை இன்று நான்கு மட்டைக் குவியலுக்குள் தேட வேண்டும்.

இதிலேதான் பெரிய அபாயம் இருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்கும் பன்றி எந்த நிழலைத் தேடுகிறதோ, அதே நிழலைத்தான் குலை வெட்டிக் களைத்த தொழிலாளியும் தேடுகிறான். பன்றியென்று கருதி மனிதனைச் சுட்டுவிட்ட செய்தி நம் நாட்டுப் பத்திரிகைகளில் ஒருமுறையன்று, பலமுறை வந்துள்ளது. ஆடும் புதரை நோக்கிச் சுடுகிறவனை வேட்டைக்காரன் என்று சொல்ல எனக்கு நாக் கூசுகிறது. தலை, காது, முதுகு மூன்றும் தெரியாமல் தவுக்கேயைத் துப்பாக்கி தூக்க மாமா விட்டதில்லை. பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே படுக்கையை நெருங்கிச் சுடுவது எளிது என்று தெரிந்தும் இருவரும் அதைக் கைவிட்டிருந்தார்கள். அந்நேரத்தில் தோட்டத்தில் யார் எங்கே படுத்திருப்பார்களென்று ஒருவராலும் சொல்ல முடியாது.

மற்றொன்றையும் அவர் கைவிட்டிருந்தார். வறட்சி முற்றி, சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு குட்டை மிஞ்சிய காலத்தில், அக்குட்டையின் கரையில் அவர் அமரமாட்டார். இதைச் சிலர் ஜீவகாருண்யம் என்று கூறக்கூடும். அவர் சொன்ன காரணம் வேறு: அங்கே வருவது கிடாய் மட்டுமன்று, கோடு போட்ட குட்டிகளோடு தாயும் வரும், கேளையாடும் சருகுமானும் வரும்; ஓர் இரவு அங்கே வெடித்தால் எல்லாம் தண்ணீரின்றி ஓடிச் சாகும், அடுத்த ஆண்டு நமக்கும் ஒன்றுமிராது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவரின் பேச்சு இது. மிருகங்கள் வந்தே தீரவேண்டிய உப்பூற்றுகளின் அருகே வேட்டையாடலாகாதென்று இந்நாட்டுச் சட்டமும் இதே கணக்கைத்தான் பார்த்திருக்கிறது.

கண்ணி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. வெயிலில் மிருகங்களின் வழி சுருங்கிச் சுருங்கிக் குட்டைக்குப் போகும் ஒரே தடமாகிவிடும்போது, அத்தடத்தில் ஒரு கம்பிச் சுருக்கு வைப்பதற்கு அறிவும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். நம் தோட்டத்து இளைஞர் சிலரும் இதைச் செய்கிறார்கள். செய்வதைத் திறமையென்றும் பேசுகிறார்கள். கம்பிக்குப் பன்றியின் காலும் புலியின் காலும் தாப்பிரின் காலும் ஒன்றே. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணியைக் குற்றமாக்கியிருக்கிறது. காட்டுப்பன்றியைச் சுடுவதற்கும் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் தீபகற்பத்தின் காடுகளில் 150 புலிகளும் இல்லையென்று தெரியவந்தது. அதே 2016இன் அக்டோபரில்தான் ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் கொள்ளளவில் ஐந்திலொரு பங்காக வற்றியது. மனிதனுக்கே தண்ணீரைப் பங்கிட்ட அவ்வாண்டில் காட்டுக் குட்டைகளின் நிலையை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அண்மைக்காலத்தில் வேறொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. 2021இன் தொடக்கத்தில் சபாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பின்னர் தீபகற்பத்திலும் பரவி, வளர்ப்புப் பன்றிகளோடு காட்டுப்பன்றிகளையும் கொன்றது. அதன்பின் வெயில் நாட்களில் வேட்டைக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பும் குளுவாங் நண்பர்கள் என்னிடம், “அண்ணே, வெயிலுக்கு ஒளிந்துகொண்டதா, காய்ச்சலில் செத்துப்போனதா?” என்று கேட்கிறார்கள். ஓடித் தேடினால் இரண்டுக்கும் விடை ஒன்றுபோலவே இருக்கும். குட்டையோரத்து மரத்தின் அடியில், தொடையளவு உயரத்தில், சேறு ஈரமாயிருக்கிறதா என்று போய்ப் பார்க்கும்படியே அவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன்.