உள்ளூரா, வெளியூரா?

உங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனைக் கவனித்திருக்கிறீர்களா? நம் ஃப்ளாட்டுகளுக்கு வரும் கடிதங்களை வாங்கி அந்தந்தப் பெட்டியில் போடுவார். நாம் கொடுப்பதைத் தெருக்கோடி தபால்பெட்டியில் சேர்ப்பார். முன்பின் தெரியாத ஆசாமி பத்தாயிரம் கவர்களை நீட்டி, 'ஊருக்கெல்லாம் அனுப்பிடுப்பா' என்றால்? 'போய்யா' என்பார். மெயில் சர்வரின் சாஸ்திரமும் ஏறக்குறைய இவ்வளவுதான். முதல் வேலை லோக்கல் டெலிவரி, இரண்டாவது ரிலே.

1982-ல் ஜான் போஸ்டல் எஸ்.எம்.டி.பி. விதிகளை எழுதியபோது இந்தச் சந்தேக புத்தி தேவைப்படவில்லை. இருந்தவர்கள் கொஞ்சம் பேர். யார் கொடுத்தாலும் வாங்கி அடுத்த கம்ப்யூட்டருக்குக் கைமாற்றிவிடுவது மரியாதை. அப்புறம் குப்பை விளம்பரக்காரர்கள் வந்தார்கள். 1998-ல் சென்ட்மெயிலின் 8.9 பதிப்பு, கண்டவர்களுக்கும் ரிலே செய்யும் பழக்கத்தை நிறுத்தியது.

இதெல்லாம் தெரிந்தும் 2002-ல் நான் ஒரு தப்பு பண்ணினேன். நண்பரின் சின்ன ஏற்றுமதி கம்பெனிக்கு போஸ்ட்ஃபிக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். அதில் இரண்டு வரிகள் முக்கியம். 'மைடெஸ்டினேஷன்' என்பது எந்தெந்த முகவரிக்கு வருவது நம் வீட்டுக் கடிதம் என்று சொல்லும். 'மைநெட்வொர்க்ஸ்', யார் யார் நம் வீட்டு மனுஷர்கள் என்று.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பரின் தம்பி வெளியூர் ஹோட்டலிலிருந்து போன் பண்ணினார். 'மெயில் போகவே மாட்டேங்குது சார். ஏதாவது பண்ணுங்க.' அவசரத்தில் இரண்டாவது வரியில் 0.0.0.0/0 என்று தட்டினேன். உலகமே நம் வீட்டு மனுஷங்க என்று அர்த்தம். திங்களன்று மாற்றிக்கொள்ளலாம் என்று தூங்கப் போனேன்.

திங்களன்று பார்த்தால் க்யூவில் நாற்பதாயிரம் கடிதங்கள். எல்லாம் யாரோ எழுதியவை. எங்கள் ஐ.பி. எண் கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தது. ஹாம்பர்க் வாடிக்கையாளருக்கு அனுப்பிய கொட்டேஷன் திரும்பி வந்து கிடந்தது. கெடு முடிந்து, ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டது.

நண்பர் திட்டவில்லை. 'உங்களை நம்பித்தானே சார் விட்டேன்' என்றார். திட்டியிருக்கலாம்.

சரியான வழி, வெளியூரிலிருந்து அனுப்புகிறவரிடம் பாஸ்வேர்டு கேட்பது. அரை நாள் வேலை. அந்த அரை நாளைத்தான் மிச்சம் பிடித்தேன்.

இப்போதெல்லாம் எந்த சர்வரை அமைத்தாலும், வெளியே போய் அந்நியன் மாதிரி ஒரு கடிதத்தை நீட்டிப் பார்ப்பேன். '554, ரிலே அக்சஸ் டினைட்' என்று விரட்டினால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.