எழுத்து வேடத்தில் கோப்புகள்

மின்னஞ்சல் எழுத்துக்காகப் பிறந்தது. படம், பாட்டு, நிரல் எதுவும் அதன் கணக்கில் இல்லை. பைட் ஒன்றுக்கு 8 பிட் என்றாலும், மின்னஞ்சலைக் கடத்தும் 1982இன் எஸ்எம்டிபி விதி 7 பிட்டுக்குத்தான் பொறுப்பேற்றது. எட்டாவது பிட் வழியில் உதிரலாம். ஆங்கிலக் கடிதத்துக்கு அதனால் நஷ்டமில்லை. நிரல் கோப்பு அதோடு சரி.

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் 1980இலேயே எழுதிய யூயூஎன்கோட் இதற்கு வழி செய்தது. மூன்று பைட்டின் 24 பிட்டையும் ஆறு ஆறாக வெட்டினால் நான்கு துண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 63க்குள் ஓர் எண். அதோடு 32ஐக் கூட்டினால், குறிகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் அச்சாகக்கூடிய குறி கிடைக்கும். மறுமுனையில் 32ஐக் கழித்து, துண்டுகளை ஒட்டினால் பழைய கோப்பு. மூன்று நான்காவதால் கோப்பு மூன்றிலொரு பங்கு பெருகும், அது வழிச்செலவு. வரிக்கு 45 பைட். அந்த நீளமும் 32 கூட்டப்பட்டு வரியின் தலையில் நிற்கும்: 77, அதாவது 'எம்'. பெரிய கோப்பென்றால் இடது ஓரம் முழுக்க எம், எம், எம் என்று இறங்கும்.

கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. பூஜ்யத்தோடு 32ஐக் கூட்டினால் வருவது இடைவெளி. வரிக்கடைசி இடைவெளியைக் குப்பையென்று வெட்டிவிடும் அஞ்சல் கணினிகள் இருந்தன. கடிதத்துக்கு அது சுத்தம், கோப்புக்குச் சேதம். பிற்பாடு இடைவெளிக்குப் பதில் 96ஆம் குறியான சாய்ந்த ஒற்றை மேற்கோளை வைத்தார்கள். 32ஐக் கழித்துக் கீழ் ஆறு பிட்டை மட்டும் பார்த்தால் அதுவும் பூஜ்யம்தான். ஐபிஎம் கணினிகளின் எப்சிடிக் அட்டவணைக்குள் போய்த் திரும்பும்போது சில நிறுத்தற்குறிகள் உருமாறிய தொல்லை வேறு.

1992இல் போரன்ஸ்டைனும் ஃபிரீடும் மின்னஞ்சலுக்காக வகுத்த மைம் தரத்தின் பேஸ்64, வெட்டும் முறையை அப்படியே வைத்துக் குறிகளை மட்டும் பொறுக்கியெடுத்தது: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறியது 26, இலக்கம் 10, கூட்டல் குறி, சாய்கோடு. குறைகிற இடத்தை நிரப்பச் சமக்குறி. சாதுவான தேர்வு, அதனாலேயே நிலைத்தது.

பழையது அவ்வளவு எளிதில் போகவில்லை. யூயூஎன்கோட் கோப்பின் தலைப்பு வரி 'பிகின்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும். மைக்ரோசாஃப்ட்டின் அஞ்சல் மென்பொருளான அவுட்லுக் எக்ஸ்பிரஸ், சாதாரணக் கடிதத்தில் அந்தச் சொல்லோடு இரண்டு இடைவெளி சேர்ந்து வரித்தொடக்கத்தில் வந்தாலே, மிச்சத்தை இணைப்புக் கோப்பாக எடுத்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் தந்த யோசனைகளில் ஒன்று, வேறு சொல் போட்டு எழுதுங்கள் என்பது. மென்பொருளைத் திருத்துவதைவிட மொழியைத் திருத்துவது சுலபம் போலும்.

தமிழுக்கு பேஸ்64 அளவெடுத்தது போலப் பொருந்துவது தற்செயல். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் அன்றாடத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சரியாக மூன்று பைட். 'அ' என்பது 224, 174, 133; வெட்டினால் 56, 10, 58, 5; அட்டவணைப்படி 4, கே, 6, எஃப். 'அம்மா'வுக்கு ஐந்து குறி, 15 பைட், 20 எழுத்து, சமக்குறி தேவையில்லை. வெறும் உரையாகத் தமிழில் தொடங்கும் மடல் பேஸ்64இல் வந்திருந்தால், அதன் மூலத்தைத் திறந்து பார்க்கலாம்: முதல் இரண்டு எழுத்து 4, கே என்றே இருக்கும்.