கடலில் கிடைக்கும் 6 மணி நேரம்



டிஸ்னி போன்ற குடும்பக் கப்பல் நிறுவனங்களின் சில கப்பல்கள் கோடையில் ஐரோப்பாவுக்கு வந்து, இலையுதிர் காலத்தில் அமெரிக்காவுக்குத் திரும்பும். பார்சலோனாவிலிருந்து புளோரிடாவுக்கு அவ்வாறு திரும்பும் கப்பலில் செல்லலாமா எனச் சிலர் வினவினீர்கள். நானும் ஒருமுறை அவ்வழியே அட்லாண்டிக்கைக் கடந்தவன்.

துறைமுகங்கள் குறைவு, நாள்கணக்கில் கரையே தெரியாது. பள்ளி நடைபெறும் காலமாதலால் சிறுவர் சிலரே இருப்பர். ஒருவழிப் பயணம், திரும்பி வரும் விமானச் செலவையும் கணக்கிடுங்கள். இணைய வசதிக்குத் தனிக் கட்டணம் உண்டு. குமட்டலுக்கான மாத்திரையை மறவாதீர்கள்.

மேற்கு நோக்கிச் செல்வதால், சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்புவார்கள். ஸ்பெயினிலிருந்து புளோரிடா சேர்வதற்குள் 6 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு வேலை பார்த்து, பிள்ளைகளின் உறங்கும் முகத்தை மட்டுமே காணும் பெற்றோர் நம் பங்கில் பலர். "அப்பா, இன்றைக்கும் வேலைக்குப் போகமாட்டீங்களா?" என மூன்றாம் நாளும் நம்பாமல் கேட்ட ஒரு தமிழ்க் குழந்தையை அக்கப்பலில் கண்டேன்.

கிடைக்கும் அந்த நேரத்தைக் கேளிக்கை நிரலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். மேல்தளத்தில் பாட்டியருகே பிள்ளைகளை அமர்த்துங்கள், ஊர்க்கதை கேட்கட்டும். கரை சேர்ந்தபின் கடிகாரம் பின்னே திரும்பாது.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.