விஸ்கான்சினும் திருவேட்டக்குடியும்

பிரெஞ்சு அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றவர்கள் காரைக்காலில் இன்றும் உண்டு. 1954இல் பிரெஞ்சு ஆட்சி விலகிய பின்னும் அந்நாட்டுக் குடியுரிமையைத் தொடர்ந்த குடும்பங்கள் அவை. அங்கே காரைக்கால் வாக்குக்கும் பாரிஸ் வாக்குக்கும் ஒரே எடை.

திருவேட்டக்குடியில் நாங்கள் கவலையோடு கவனிப்பது வேறொரு தேர்தல். ஈசன் வேடனாய் வந்ததாகப் புராணம் கூறும் இக்கடற்கரையில் இன்று தேசிய தொழில்நுட்பக் கழகம் நிற்கிறது. படித்த பிள்ளைகளின் கண் கடல் கடந்து செல்வதில் வியப்பில்லை. எனவே விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய பெயர்கள் எங்கள் திண்ணைக்கும் வந்து சேர்ந்தன.

அமெரிக்கத் தேர்தலில் நாடு தழுவிய கணிப்பு முடிவைச் சொல்லாது. நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் புதுவைச் சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 16, தமிழ்நாட்டு உறுப்பினருடையது 176 என்பதை நினைவிற்கொண்டால், மாநிலத்துக்கொரு எடை என்பது விளங்கும். அங்கே மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 பெற்றவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் வென்றவருக்கே அனைத்தும். 2016இல் ஹிலாரி கிளிண்டன் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். மூன்று மாநிலங்களில் சேர்த்து ஏறத்தாழ 78 ஆயிரம் வாக்குகள் அவரை வீழ்த்தின.

ஆகவே மாநிலக் கணிப்புகளைப் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? எண்ணூறு பேரிடம் கேட்ட கணிப்பில் ஒருவர் 48, மற்றவர் 46 என்க. பிழை வரம்பு மூன்றரைப் புள்ளி என்று அடியில் அச்சிட்டிருப்பார்கள். அது ஒவ்வொருவரின் எண்ணுக்கும் உரியது; இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு வரம்பு ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டு புள்ளி முன்னிலையைக் கொண்டு ஒன்றும் முடிவுகட்ட இயலாது.

பல கணிப்புகளின் சராசரி எடுத்தால் தற்செயல் பிழை குறையும். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சாய்வு அப்படியே நிற்கும். 2016இல் பட்டம் பெற்றவர்கள் கூடுதலாகப் பதிலளித்தனர். பல மாநிலக் கணிப்புகள் கல்வி வாரியாக அதைச் சரிசெய்யவில்லை. 2020இல் விஸ்கான்சினில் பைடனுக்குச் சராசரி முன்னிலை எட்டுப் புள்ளிக்கும் மேல். அவர் வென்றதோ 20,682 வாக்குகளில், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு மாநிலத்தில் நேரும் பிழை அண்டை மாநிலத்திலும் நேரும். 2024இல் ஊசலாடிய ஏழு மாநிலங்களும் டிரம்புக்கே சென்றன.

அந்த 2024இல்தான் தம்பி மகன் தொலைபேசியில் கேட்டான்: "பெரியப்பா, பெரியம்மா, கணிப்பெல்லாம் பார்க்கிறீர்களே, வீடு வாங்கலாமா?" பணி விசாவில் இருப்பவன், முன்பணம் வாழ்நாள் சேமிப்பு. ஏழு மாநிலங்களின் எண்களையும் எழுதிவைத்திருந்த நாங்கள் இருவரும், அவை அவனுக்கு விடை தரா என்றோம். யார் வென்றாலும் தாங்கக்கூடிய கடனா என்று மட்டும் பார்க்கச் சொன்னோம். அவன் வாங்கவில்லை. 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அவனுக்கு அது நேரடியாகப் பொருந்தாதெனினும், அன்றிரவு அவன் வீட்டில் யாரும் உறங்கவில்லை.

2016இல் கவனமான ஒரு கணிப்புத்தளம் டிரம்புக்கு வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 29 விழுக்காடு என்றது. பலர் அதைத் தோல்வி என்றே வாசித்தனர். எங்கள் கரையில் மீன்பிடிப்பவர்கள் அப்படி வாசிக்க மாட்டார்கள். பத்தில் மூன்று பங்கு புயல் வாய்ப்பென்றால் அன்று படகு கரையிலேயே இருக்கும். புயல் வராமற்போனால் யாரும் வானிலையாளரை ஏசுவதில்லை, மறுநாள் வலையை எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள்.