சொல்லாமல் போன இழை

பள்ளி விடுமுறையில் வீட்டிலேயே அடைந்து கிடந்தேன். லினக்சுக்கு ஒரு சிறிய மெய்நிகர் வலை அட்டையின் இயக்கியை எழுதிப் பார்ப்பது என் நெடுநாள் ஆசை. மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு வாய்பாடு சொல்லித்தருபவருக்கு இது எதற்கு என்று துணைவியார் கேட்டார். விடை என்னிடம் இல்லை.

வந்து சேரும் தரவுப் பொட்டலங்களை வரிசையிலிருந்து எடுத்துக் கையாள, கெர்னலுக்குள் த்ரெட் எனப்படும் இழை ஒன்றை ஓடவிட்டேன். வலை முகப்பை இயக்கும்போது கேத்ரெட்_ரன் அதைத் தொடங்கும். நிறுத்தும்போது கேத்ரெட்_ஸ்டாப் முடிக்கும். முடிப்பது என்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதன்று. 'போதும்' என்று குறியிட்டு, உறங்கும் இழையை எழுப்பி, அது தானாக வெளியேறும் வரை காத்திருக்கும். இழையும் அக்குறியை ஒவ்வொரு சுற்றிலும் பார்க்க வேண்டும்; விழித்தெழும் நிபந்தனையிலும் அதைச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. எழுப்பப்பட்ட இழை, வரிசை காலி என்று கண்டு மீண்டும் உறங்கிற்று; நிறுத்த வந்த கட்டளை காத்துக்கொண்டே இருந்தது. முதல் இரவு அப்படிப் போயிற்று.

என்னை வாட்டியது இரண்டாம் பிழைதான். முகப்பை நிறுத்தினால் சில வேளை ஒன்றும் நேராது. சில வேளை கணினியே உறைந்துவிடும். நான்கு நாள் தேடினேன். பழுதான பொட்டலம் வந்தால் இழை தானே முடிந்துவிடுமாறு நான்தான் எழுதியிருந்தேன். முடிந்த இழையின் பதிவைக் கெர்னல் விடுவித்துவிடும். என் இயக்கியிடமோ பழைய முகவரி. இல்லாத ஒன்றிடம் 'போதும்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நினைவகம் இன்னும் வேறெதற்கும் போகாதிருந்தால் தப்பினோம், போயிருந்தால் தொலைந்தோம்.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல் நினைவுக்கு வந்தது. பள்ளி முடிந்ததும் மாணவன் ஒருவன் என்னிடம் சொல்லாமல் தன் மாமாவுடன் போய்விட்டான். வேன்காரர் வந்து கேட்க, காலி வகுப்பறையில் அவன் பெயரைக் கூவிக்கொண்டு நின்றேன். அவன் தாயார் தொலைபேசியில் அழைக்கும் வரை கால்கள் நடுங்கின. அன்று அவன்மீது கடுங்கோபம். இப்போது அதே வாசலைத் திறந்து வைத்தவன் நானே.

திருத்தம் சில வரிகளே. பழுது கண்டாலும் இழை வெளியேறாது. வேலையை விட்டுவிட்டு, நிறுத்தும் ஆணை வரும் வரை உறங்கும். இழையின் பதிவை முன்கூட்டியே பிடித்துவைப்பதும் ஒரு வழி. எனக்கு இதுவே பிடித்தது. கூடவே, இழை முடிந்த பிறகே வரிசையை விடுவிக்குமாறு முறையையும் மாற்றினேன்.

நேற்றிரவு பழுதான பொட்டலங்களை வேண்டுமென்றே அனுப்பி, இருநூறு முறை முகப்பை இயக்கி நிறுத்தினேன். கணினி உறையவில்லை. விளக்கை அணைக்கும்படி துணைவியார் இரண்டாம் முறையாகச் சொன்னார்.